குலதெய்வம் துணை குரூப்பும் நானும்

எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்போட பேரு "குலதெய்வம் துணை". ஊர்ல கோயில் கும்பாபிஷேகத்துக்கு வரி வசூல் பண்ணும்போது யார் யார் எவ்ளோ குடுத்தாங்கன்னு போட்றதுக்காக மாமா ஆரம்பிச்சது. கும்பாபிஷேகம் முடிஞ்சு பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, குரூப் மட்டும் அப்படியே இருக்கு. அறுபத்தி சொச்சம் பேர். காலைல அஞ்சரைக்கு பெரியப்பா ரோஜாப்பூ போடுவாரு, அதுக்கு அத்தை கும்பிட்ற கை போடும், அதுக்கப்புறம் நாள் முழுக்க சுகருக்கு வெண்டைக்கா தண்ணி, தங்கம் வெல, யாரோ ஒரு டாக்டர் சொன்னதா ஒரு ஆடியோ. நான் ரொம்ப நாளாவே மியூட்ல தான் வெச்சிருக்கேன். ஆனா வெளிய வரல. ஏன் வரலன்னு யோசிச்சா ரெண்டு விஷயம் ஞாபகம் வருது.

ஒண்ணு 2015 வெள்ளம். சித்தப்பா வீடு முடிச்சூர்ல. டிசம்பர் 1ஆம் தேதி பேஞ்ச மழைல தாம்பரத்துல மட்டும் 49 சென்டிமீட்டர், அடையாறு பொங்கி மேற்கு தாம்பரம், முடிச்சூர்னு வீட்டுக்குள்ள பூந்துடுச்சு. சித்தப்பா கடைசியா குரூப்ல போட்டது "மாடிக்கு வந்துட்டோம், தண்ணி படி ஏறுது, சார்ஜ் இல்ல" அவ்ளோதான். அப்புறம் போன் போகல. ஊர்ல இருந்த நாங்க எல்லாம் கைய பெசஞ்சிட்டு உக்காந்திருந்தோம், சென்னைல கரண்ட் இல்ல, டவர் இல்ல, யார கூப்புட்றது. பெங்களூர்ல இருந்த தம்பி (சித்தி பையன்) அட்ரஸ், எத்தன பேர், அதுல ஒரு வயசானவங்க இருக்காங்கன்னு எல்லாத்தயும் எழுதி ட்விட்டர்லயும் ஃபேஸ்புக்லயும் போட்டான். யாருன்னே தெரியாத ஒரு பொண்ணு, அதுவும் வேற ஊர்ல இருக்கறது, அத எடுத்து ஒரு ஷீட்ல ஏத்தி, போட் வெச்சிருக்கவங்களுக்கு அனுப்பி, திரும்ப இவனுக்கே கூப்ட்டு "வீட்டுக்கு பக்கத்துல என்ன லேண்ட்மார்க்"ன்னு கேட்டுச்சாம். 3ஆம் தேதி மத்தியானம் மீனவங்க போட் வந்து எறக்குனாங்க. சித்தப்பா இன்னிக்கும் அந்த போட்காரர் காசு வாங்கலன்னு சொல்லி சொல்லி கண் கலங்குவாரு.

அதே ரெண்டு நாள்ல அதே குரூப்ல வந்ததயும் சொல்லணும்ல. முதலப் பண்ணைல இருந்து முதலையெல்லாம் வெள்ளத்துல தப்பிச்சு வந்துடுச்சுன்னு ஒண்ணு. நாசா சொல்லிட்டாங்க சென்னைல 250 சென்டிமீட்டர் மழ வரப்போவுதுன்னு ஒண்ணு. ரெண்டும் பொய். ரெண்டயும் போட்டது மாமா. அவரு குறும்புக்கு போடல, சத்தியமா பயந்துட்டு தான் போட்டாரு, தண்ணில எறங்காதீங்கடான்னு சொல்றதுக்கு.

இன்னொண்ணு 2018. இத எழுதறதுக்கு எனக்கு கொஞ்சம் வெக்கமா தான் இருக்கு. ஏப்ரல் மாசம் வாக்குல வட மாவட்டம் முழுக்க புள்ள புடிக்கிறவங்க வந்திருக்காங்கன்னு ஆடியோ சுத்துச்சு. வடநாட்டுல இருந்து ஒரு கும்பல் எறங்கியிருக்கு, உஷாரா இருங்கன்னு ஒரு ஆளு நம்ம ஊர் பேச்சுல, மூச்சு வாங்கிட்டு பேசுவான். எந்த ஊர், என்னிக்கு, யாரு புள்ள, ஒண்ணும் இருக்காது. அம்மா ஆரணில இருந்து எனக்கு அனுப்புச்சு, "பாப்பாவ வெளிய விடாத"ன்னு. அப்ப என் பொண்ணுக்கு ரெண்டு வயசு. நான் நம்புனேனான்னு கேட்டா பாதி நம்பல. ஆனா ஒருவேள நெஜமா இருந்தா? அனுப்பாம விட்டு ஏதாச்சும் ஆச்சுன்னா? எங்க அபார்ட்மென்ட் குரூப்ல போட்டுட்டேன். மூணு செகண்ட் ஆகியிருக்கும்.

மே 9ஆம் தேதி போளூர் பக்கத்துல அத்திமூர்ல, சென்னைல இருந்து கார்ல குலதெய்வம் கும்பிட வந்த ஒரு குடும்பம் வழி கேக்க வண்டிய நிறுத்தியிருக்காங்க. கூட வந்த வயசான அம்மா அங்க நின்ன கொழந்தைங்களுக்கு சாக்லேட் குடுத்திருக்காங்க. புள்ள புடிக்க வந்தவங்கன்னு கூட்டம் சேந்து அடிச்சதுல அந்த அம்மா செத்தே போயிட்டாங்க, கூட வந்தவங்களுக்கும் பலத்த அடி. அதே சமயம் தான் பழவேற்காட்டுலயும் ஒருத்தர அடிச்சு கொன்னு பாலத்துல தொங்க விட்டாங்க. அத்திமூர் எங்களுக்கு தெரியாத ஊர் இல்ல, போளூர் சந்தைக்கு போறவங்க எங்க சொந்தத்துலயே இருக்காங்க. கோயிலுக்கு போற வழில கொழந்தைக்கு சாக்லேட் குடுக்கறது எங்க அம்மாவும் பண்றது தான். நான் அனுப்புனது தான் அங்க போச்சுன்னு சொல்ல வரல, ஆனா போகலன்னு யாரு சொல்ல முடியும், அது எப்டி சுத்தி எங்க போச்சுன்னு யாருக்கு தெரியும்.

அந்த வருஷம் இந்தியா முழுக்க சுத்துன ஒரு வீடியோ ஞாபகம் இருக்கா, பைக்ல ரெண்டு பேர் வந்து தெருவுல வெளயாட்ற பையன தூக்கிட்டு போவானுங்க. அது கராச்சில எடுத்த விழிப்புணர்வு வீடியோ. கடைசில பையன திரும்ப கொண்டாந்து விட்டுட்டு ஒரு அட்டைய காட்டுவாங்க, கொழந்தைங்கள பத்ரமா பாத்துக்கங்கன்னு. அந்த கடைசிய மட்டும் எவனோ வெட்டிட்டான். வெட்டுன அந்த சில செகண்டு தான் மொத்த விஷயமே.

அதுக்கப்புறம் தான் 2018 ஜூலைல வாட்ஸ்அப் "ஃபார்வர்டட்"னு லேபிள் போட ஆரம்பிச்சாங்க, இந்தியால ஒரு தடவைக்கு அஞ்சு சாட்டுக்கு மேல அனுப்ப முடியாதுன்னும் வெச்சாங்க. 2020 ஏப்ரல்ல, ரொம்ப சுத்துன மெசேஜ், ரெட்ட அம்புக்குறி இருக்குமே, அத ஒரு சாட்டுக்கு மேல அனுப்ப முடியாதுன்னு ஆக்குனாங்க. அந்த மாதிரி மெசேஜ் 70 சதவீதம் கொறஞ்சதா கம்பெனியே சொல்லுச்சு. கொறஞ்சிருக்கலாம். எங்க மாமா என்ன பண்றாருன்னா காப்பி எடுத்து பேஸ்ட் பண்றாரு. அம்புக்குறியும் வராது, லேபிளும் வராது, அவரே உக்காந்து டைப் பண்ண மாதிரி இருக்கும். அறுபத்தெட்டு வயசு.

2023 மார்ச்ல இன்னொரு கூத்து. தமிழ்நாட்ல பீகார்காரங்கள அடிச்சு கொல்றாங்கன்னு அங்க வீடியோ பரவுச்சு, சம்பந்தமே இல்லாத எங்கயோ நடந்த சண்ட எல்லாத்தயும் சேத்து. எங்க தெருவுல கட்டட வேல பாத்த பசங்க நாலு பேர் அவசரமா மூட்ட கட்டுனானுங்க, "வீட்ல அம்மா அழுவுது, வர சொல்லுது சார்"னு. நம்ம போலீஸ் அது பொய்னு சொன்னாங்க, பீகார்ல இருந்தே ஒரு குழு வந்து பாத்துட்டும் போனாங்க. எனக்கு சுரீர்னு ஆச்சு. அவங்க ஊர்லயும் ஒரு குலதெய்வம் துணை குரூப் இருக்கும்ல, அதுல நாம தான் புள்ள புடிக்கிறவங்க.

சரி நல்லதும் இருக்கு. அத்தை கூழ் வடகம் போட்டு ஸ்டேட்டஸ்ல வெச்சே வெயில் காலத்துல நல்லா சம்பாதிக்குது, கடைக்கு போய் நிக்க வேணாம். அதுலயும் ஒருத்தன் ஆர்மி கேம்ப்ல இருந்து பேசறேன்னு இருவது கிலோ ஆர்டர் சொல்லி, "பணம் வர்றதுக்கு இந்த கியூஆர ஸ்கேன் பண்ணி பின் போடுங்க"ன்னு நாலாயிரத்த உருவிட்டான். பின் போட்டாலே பணம் நம்ம கைய விட்டு போகுதுன்னு தான அர்த்தம், வர்றதுக்கு எதுக்கு பின்? அத்தைக்கு அது யாரு சொன்னா, நாங்களா சொன்னோம்? சைபர் மோசடிக்குன்னு இருக்கற 1930 நம்பருக்கு கூப்ட்டு கம்ப்ளைன்ட் குடுத்தோம். மறுநாளே அத்தை ஸ்டேட்டஸ்ல புளி வடகம்.

போன மாசம் குரூப்ல ஒண்ணு வந்துச்சு. "அவசரம், ஓ நெகட்டிவ் ரத்தம் தேவ, சென்னை, இளம் பெண், ஆபரேஷன் இன்று மாலை". வழக்கம் போல தேதி இல்ல. "இன்று"ன்னா என்னிக்கு? இப்பல்லாம் நான் கூப்ட்டு பாக்காம அனுப்பறது இல்ல, அதனால அந்த நம்பருக்கு அடிச்சேன். எடுத்தவர் ரொம்ப பொறுமையா பேசுனாரு, "அது மூணு வருஷம் முன்னாடி சார், என் தங்கச்சி, நல்லாயிட்டா, இப்ப கொழந்த கூட இருக்கு"ன்னாரு. தெனமும் கால் வருதான்னு கேட்டேன். வாரத்துக்கு ஏழெட்டு வருமாம். நம்பர மாத்திடலாம்ல சார்னு சொன்னதுக்கு, "அன்னிக்கு இந்த மெசேஜ பாத்துட்டு தான் சார் ரெண்டு பேர் வந்தாங்க, ஒருத்தர் செங்கல்பட்ல இருந்து பைக்ல"ன்னு சொல்லிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாரு.

அப்புறம் கேட்டாரு, "நீங்க ஓ நெகட்டிவா சார்?"

"இல்லீங்க, பி பாசிட்டிவ். உண்மையான்னு பாக்கலாம்னு தான் கூப்ட்டேன்."

"இப்பல்லாம் எல்லாரும் அதுக்கு தான் சார் கூப்புட்றாங்க."