கொல்லைக் கோரையை ஒழித்த விதம்

எங்கள் வீடு திருச்சிக்குப் பக்கம், செம்மண் பூமி. கொல்லையில் பள்ளமாக இருந்த இடத்தை மேடாக்க வெளியிலிருந்து ஒரு லோடு மண் வாங்கிக் கொட்டினோம். அந்த மண்ணோடுதான் கோரைக்கிழங்கு வந்திருக்க வேண்டும். அதற்கு முன்பு அருகம்புல்லோடு மட்டும்தான் சண்டை. அடுத்த மழைக்கே கத்தரிப் பாத்தி முழுக்கப் பச்சை ஊசி நட்டதுபோல் முளைத்து நின்றது.

புல் என்று நினைத்துப் பிடுங்குகிறவர்கள் முதலில் தண்டை விரலில் உருட்டிப் பார்க்க வேண்டும். மூன்று பட்டையாகத் தட்டுப்பட்டால் கோரை. இழுத்தால் தழை மட்டும் கையோடு வந்துவிடும். கிழங்கு உள்ளேயே இருக்கும், ஒரு வாரத்தில் மறுபடி முளைக்கும்.

பொறுமையாகத் தோண்டிப் பார்த்தபோதுதான் ஏன் என்று புரிந்தது. ஒரு கிழங்கிலிருந்து கம்பி மாதிரி மெல்லிய வேர்த்தண்டு ஓடி அடுத்த கிழங்கில் சேர்கிறது, அங்கிருந்து இன்னொன்று. இப்படிச் சரம் சரமாகப் போகும். சரம் முழுசாக இருக்கும்வரை பல கிழங்குகள் முளைக்காமல் உறங்கிக் கிடக்கும். களைக்கொத்தோ டில்லர் என்கிற உழவு இயந்திரமோ சரத்தை அறுத்துவிட்டால், உறங்கியதெல்லாம் தனித்தனியாக முளைக்கும். கொத்தக் கொத்தக் கோரை பெருகுவதற்குக் காரணம் இதுதான். முளைத்த செடியை விட்டுவைத்தால் மூன்று நான்கு வாரத்தில் அதுவும் புதுக் கிழங்கு கட்டத் தொடங்கிவிடும்.

மருந்தடிக்கச் சொன்னவர்கள் நிறையப் பேர். கிளைபோசேட் என்கிற களைக்கொல்லியைப் பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் தவிர வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் மத்திய வேளாண் அமைச்சகம் அறிவிக்கை வெளியிட்டது. அது ஒருபுறம் இருக்கட்டும். அந்த மருந்து இலை வழியாக இறங்குகிற ஒன்று. தழை விடாமல் உறங்கும் கிழங்குக்கு அது போய்ச் சேராது. குழந்தைகள் கீரை பறிக்கும் பாத்தியில் அதை ஊற்ற எனக்கு மனமும் வரவில்லை. உப்பு கொட்டச் சொன்னார்கள், அது மண்ணையே கெடுத்துவிடும். மண்ணை மூடி விரிக்கிற மல்ச்சிங் ஷீட் மற்றக் களைகளுக்கு நன்றாகக் கேட்கும். கோரையின் கூர்முனை மெல்லிய ஷீட்டைக் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும்.

வழி காட்டியது, எங்கள் தெருவில் களையெடுக்க வரும் ஓர் அக்கா. "மழ காலத்துல இத நோண்டாதீங்க தம்பி. கத்திரி வெயில் வரட்டும். கெளறி மேல போட்டீங்கன்னா தானா காஞ்சு செத்துப் போயிரும்" என்றார். கோடை உழவு செய்கிற காட்டுக்காரர்கள் பரம்பரையாக அறிந்த விஷயம்தான் இது.

சித்திரை கடைசியில் தொடங்கினேன். பாத்திக்குத் தண்ணீர் விடுவதை அடியோடு நிறுத்தினேன். அக்னி நட்சத்திரத்தில், முதல் நாள் மாலை லேசாகத் தெளித்து மண்ணை இளக்கி, மறுநாள் விடிகாலையில் கடப்பாரையால் நெம்பிக் கட்டியாகப் பெயர்த்தேன். கொத்தாமல் நெம்புவதுதான் முக்கியம், சரம் அறாமல் வரும். கிழங்குகளில் பெரும்பாலானவை அரை அடிக்குள்தான் இருக்கும், சில ஓர் அடிக்கும் கீழே போகும். பெயர்த்த மண்ணைக் கையால் உடைத்து, கட்டட வேலைக்கு மணல் சலிக்கும் சல்லடையில் சலித்தேன். முதுகு ஒடிகிற வேலை. ஆனால் பாத்திக்குப் பாத்தி ஒரு கூடை கறுப்புக் கிழங்கு சேர்வதைப் பார்க்கும்போது அலுப்பு தெரியவில்லை.

எடுத்த கிழங்கை எருக்குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள், எருவோடு தோட்டம் முழுக்கப் பரவும். மாடியில் விரித்துச் சுக்காகக் காயவிட்டு எரித்தேன். சலித்த மண்ணையும் மூடாமல், வெயில் தணிவதற்குள் சில முறை புரட்டிவிட்டேன்.

சரி, அதோடு முடியாது. ஆழத்தில் தப்பியவை முதல் மழைக்கு வரும். கோரைக்கு நிழல் ஆகாது என்பதால் கத்தரி, வெண்டையை விட்டுவிட்டுத் தட்டைப்பயறை அடர்த்தியாக விதைத்தேன், ஓரங்களில் சர்க்கரைவள்ளிக் கொடி ஊன்றினேன். இரண்டும் தரை தெரியாமல் மூடிக்கொண்டன. நிழலுக்குள் தலைகாட்டிய கோரை வெளிறி, மெலிந்து நின்றது. வாரம் ஒருமுறை சுற்றிவந்து, புதுக் கிழங்கு கட்டுவதற்கு முன்பே, சிறு கம்பியால் கிழங்கோடு நெம்பி எடுத்தேன். இந்தச் சுற்றிவருகிற வேலையை விட்டால் கோடையில் பட்ட பாடு வீண் என்றே சொல்வேன்.

அடுத்த கோடையில் மறுபடி கிளறியபோது சல்லடையில் நின்றது ஒரு கைப்பிடி. இப்போது கத்தரி பழைய இடத்திலேயே காய்க்கிறது. மதில் ஓரம் மட்டும் இன்னும் பாக்கி. பக்கத்து மனையிலிருந்து கீழாக வருகிறது. அங்கே ஒன்றரை அடிக்குப் பள்ளம் எடுத்துப் பழைய தகரம் இறக்கலாம் என்றிருக்கிறேன். அதையும் சித்திரையில்தான் செய்ய வேண்டும்.