இன்னொரு கத்தி எதுக்குடி?

ஜப்பானில் வாடகை வீடுகளின் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியைத் திறந்தால் கதவின் உட்பக்கத்தில் கத்தி செருகி வைக்க ஒரு தாங்கி இருக்கும். எல்லா வீட்டிலும் இல்லை, ஆனால் பெரும்பாலான வீடுகளில் உண்டு. நாலைந்து கத்திகள் அதில் நிற்கும். சமைக்கிறவருக்கு ஒரு கத்தி போதாது என்று வீடு கட்டும்போதே முடிவு செய்துவிடுகிறார்கள். கணவரின் வேலைக்காக ஒசாகாவுக்குத் தெற்கே உள்ள சகாய் நகரத்தில் குடியேறினோம். மொழி தெரியாது, தெரிந்தவர்கள் யாரும் கிடையாது. இந்த ஊரோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது கத்தி வழியாகத்தான்.

எனக்குச் சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். எங்கள் வீட்டில் அப்பத்தா காலத்து அருவாமனை ஒன்று உண்டு. மீனும் முருங்கைக்காயும் வாழைப்பூவும் அதில்தான் நறுக்குவோம், தேங்காயும் அதன் முனையில்தான் துருவுவோம். அலகு அசையாமல் இருக்கும், காயைப் பிடித்த கைதான் அசையும். இங்கே நின்றுகொண்டு சமைக்க வேண்டும், காய் பலகையில் கிடக்கும், கத்தி நகரும். கைக்குப் பழகிய எல்லாவற்றையும் மாற்றிப் பழக வேண்டியிருந்தது.

வந்த புதிதில் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சான்தோகு வாங்கினேன். காய், கறி, மீன் மூன்றுக்கும் ஏற்றது என்று ஜப்பானிய வீடுகளில் புழங்கும் பொதுக் கத்தி அது. அவாஜி தீவு வெங்காயத்துக்கும் தக்காளிக்கும் அது போதும். மீன் குழம்பு என்றால் எனக்குத் தலை வேண்டும். தலையைப் பிளக்க மெல்லிய கத்தி ஆகாது. முதுகு தடித்த, ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்த தேபா வேண்டும். பிறகு கபோச்சா. இங்கத்திய பூசணிக்குத் தோல் கட்டை மாதிரி கெட்டி, அதிகக் கடினமான மெல்லிய அலகை அதில் இறக்கித் திருகினால் அலகின் விளிம்பு உடைந்துபோகும். கீரைக்கும் முட்டைகோசுக்கும் நீள்சதுரமான நகிரி. பழம் நறுக்கச் சின்னதாக ஒன்று. இவ்வளவும் தேவைக்கு வாங்கியவை.

இதற்கு மேல் எந்த வீட்டுக்கும் கத்தி தேவையில்லை. இதற்கு மேலும் வாங்குகிறவர்கள்தான் கத்திப் பிரியர்கள், நானும் அவர்களில் ஒருத்தி. ஒசாகாவில் நம்பா பக்கத்தில் சமையல் சாமான்களுக்கென்றே இருக்கும் தோகுயாசுஜி கடைத்தெருவுக்குப் போனால் எங்கள் கூட்டத்தைப் பார்க்கலாம். அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்தவர்கள் கத்தியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து விளிம்பை ஆராய்ந்துகொண்டிருப்பார்கள். விசாரித்தால் வீட்டில் ஏற்கெனவே ஒரு பெட்டி நிறைய இருக்கும். அம்மா போனில் கேட்டாள்: “ஒரே அருவாமனைல மூணு தலைமுறை சாப்பிட்டிருக்கோம். உனக்கு இன்னொரு கத்தி எதுக்குடி?” அம்மாவுக்கு அன்று போனிலேயே கொஞ்சம் சொன்னேன். முழுக்கச் சொல்ல வேண்டுமென்றால் சாணைக்கல்லிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஷிமானே மாகாணத்து யசுகி ஊரின் எஃகுதான் சகாய் கத்திகள் பலவற்றுக்கும் உயிர். எஃகுக் கட்டிகளில் ஒட்டும் காகிதத்தின் நிறத்தை வைத்து வெள்ளைக் காகிதம், நீலக் காகிதம் என்று பெயர். வெள்ளை என்பது ஏறக்குறைய வெறும் இரும்பும் கார்பனும். வெள்ளை 2-ஆம் எண்ணில் கார்பன் 1.05 முதல் 1.15 சதவீதம். அதே அளவு கார்பனோடு கொஞ்சம் குரோமியமும் டங்ஸ்டனும் சேர்த்தால் நீலம் 2. எழுத்தில் பார்த்தால் சின்ன வித்தியாசம். தண்ணீரில் ஊறவைத்த 1000 எண் சாணைக்கல்லில் வெள்ளைக் கத்தியை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்திலேயே மறுபக்க விளிம்பில் பிசிறு எழும்பிவிடும். விரல் நுனியை விளிம்புக்குக் குறுக்காக, வெளிப்பக்கமாக இழுத்தால் மெல்லிய கம்பி மாதிரி தட்டுப்படும். அடுத்து, இன்னும் நைசான கல்லில் லேசாக இரண்டு இழுப்பு, பிசிறு சுத்தமாகப் போய்விடும். நீலம் அவ்வளவு சீக்கிரம் வழிக்கு வராது, கல்லோடு நின்று மல்லுக்கட்டும். ஆனால் பிடித்த கூர் நாள்பட நிற்கும். துருப்பிடிக்காத விஜி-10 எஃகில் பிசிறு பிடிவாதமாக ஒட்டிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மடங்கும், பொறுமையாக எடுக்க வேண்டும். கடையில் மூன்றும் ஒரே பளபளப்புடன்தான் இருக்கும். வாங்கி வந்து, மாதக்கணக்கில் வெட்டி, மழுங்கி, தேய்த்த பிறகுதான் எது எப்படி என்று கைக்குத் தெரிகிறது. ஒரு கத்தி கைக்குப் பிடிபட்டதும், வேறு எஃகானால் எப்படியிருக்கும் என்ற கேள்வி வருகிறது. அதற்கு விடை அடுத்த கத்தியில்தான் இருக்கிறது. எனக்குத் தெரிந்து கத்திப் பிரியர்கள் வாங்கிக்கொண்டே இருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் சகாய்க்கே உரியது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாகப் புகையிலை ஜப்பானுக்கு வந்தது. அந்த இலையை மயிரிழையாக நறுக்கக் கத்தி அடித்ததில் இந்த ஊர் பேர் வாங்கியது. அப்போது ஜப்பானை ஆண்ட தோகுகவா அரசு இந்த ஊர்க் கத்திகளுக்கு முத்திரை கொடுத்து, தனியுரிமையும் கொடுத்தது. இங்கே ஒரு கத்தியை ஒருவரே செய்து முடிப்பதில்லை. காய்ச்சி அடிக்கும் கொல்லர் ஒருவர், சாணை பிடிப்பவர் இன்னொருவர், பிடி போடுகிறவர் வேறொருவர். மூன்றும் தனித்தனிப் பட்டறைகள். அலகில் பெரும்பாலும் விற்கும் வணிகரின் பெயர்தான் வெட்டியிருக்கும். அதனால் இன்னார் அடித்தது, இன்னார் சாணை பிடித்தது என்று தேடித் தெரிந்துகொள்வதே எங்களுக்கு ஒரு வேலை. ஒரே கொல்லர் அடித்த அலகை இரண்டு பேர் சாணை பிடித்தால் அவை இரண்டு கத்திகள். ஒன்று உருளைக்கிழங்கில் வழுக்கிக்கொண்டு இறங்கும், மற்றதில் துண்டு ஒட்டிக்கொள்ளும். போன வருடம் தோடி கேட்டாயிற்றே, இந்த வருடம் இன்னொருவர் பாடுவதை ஏன் கேட்க வேண்டும் என்று டிசம்பரில் சபா வாசலில் நிற்பவரிடம் யாரும் கேட்பதில்லை.

ஒரு பட்டறைக்கு ஒருமுறை அழைத்துப்போனார்கள். வெளியே டிராம் ஓடும் சாதாரணத் தெரு. உள்ளே இருட்டு. நெருப்பின் நிறம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே வெளிச்சத்தைக் குறைத்து வைக்கிறார்கள். மென்மையான இரும்புப் பட்டையின் மேல் வெண்காரப் பொடி தூவி, எஃகுத் துண்டை வைத்து, காய்ச்சி, சுத்தியலுக்குக் கீழே தள்ளினார் பெரியவர். பொறி பறந்தது, இரண்டும் ஒன்றாகிவிட்டன. காய்ச்சிய அலகைத் தண்ணீரில் தோய்த்துக் கெட்டிப்படுத்துவதற்கு முன் அலகு முழுக்கச் சேறு பூசிக் காயவைக்கிறார்கள். தண்ணீரில் இறக்கும்போது நீராவிக் குமிழிகள் ஒட்டிச் சூடு ஏறுக்குமாறாக இறங்காமல் அது பார்த்துக்கொள்ளும். அங்கே நின்றபோது எனக்குத் திருப்பாச்சேத்தி நினைவுக்கு வந்தது. மதுரை - இராமேசுவரம் சாலையில் இருக்கும் அந்த ஊரின் அருவாளைத் தெரியாத தமிழர் குறைவு. லாரிப் பட்டையைக் காய்ச்சி அடிக்கிறார்களே, அந்த எஃகில் கார்பன் அரை சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். அதனால்தான் கருவேல மரத்தில் ஓங்கிப் போட்டாலும் உடையாமல் தாங்குகிறது. சகாய் அலகில் கார்பன் அதைப்போல் இரண்டு மடங்கு. கூர் அபாரம், ஆனால் எலும்பில் இடித்தால் பல்விழும். எது மேல் என்ற பேச்சே கிடையாது. இரண்டு ஊர்க் கொல்லர்களும் அவரவர் வேலைக்கு வேண்டிய பதத்தை நெருப்பின் நிறத்தில் பார்த்துத் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

அந்தப் பட்டறையில் இளையவர் ஒருவர் தொழில் படித்துக்கொண்டிருந்தார். எல்லாப் பட்டறைக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. பெரியவர் கையை விட்டதும் உலை அணைந்துபோகும் இடங்கள் உண்டு. அவர் அடித்த கத்தி இனி வராது என்று தெரிந்தால் கத்திப் பிரியர்கள் கைச்செலவைச் சுருக்கிக்கொண்டு வாங்குவார்கள். அதைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையால் அடித்த நல்ல கத்தி பதினையாயிரம், இருபதாயிரம் யென் ஆகிறது. அந்தப் பணம் மூன்று பட்டறைக்கும் பிரிந்து போகிறது.

கடைகளில் அலை அலையாய்க் கோடு ஓடும் கத்திகளை ‘டமாஸ்கஸ்’ என்று விற்கிறார்கள். நடுவில் விஜி-10, இரு பக்கமும் பல அடுக்கு மென் எஃகு, அமிலத்தில் தோய்த்தால் கோடு தெரியும். அழகுதான், நானும் ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் பழைய காலத்து டமாஸ்கஸ் வாள்களின் வரி அடுக்கிலிருந்து வந்ததல்ல, மண்குகையில், அதாவது உலோகம் உருக்கும் மண்பாத்திரத்தில், உருக்கி ஆறவைத்த எஃகுக் கட்டிக்குள்ளிருந்தே வந்தது. அந்த உருக்கு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உருவாகிக் கப்பலேறியது. தமிழ்நாட்டின் மேல்சிறுவளூரில் அதை உருக்கிய குகைகளின் உடைந்த துண்டுகள் கிடைத்திருக்கின்றன. லண்டனில் மைக்கேல் ஃபாரடே 1819 வாக்கில் அதே உருக்கை ஆராய்ந்தார். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. கேட்பவர்களுக்கு நான் சொல்லிவிடுகிறேன்.

புதிதாக வருகிறவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். அலகு 6 சென்டிமீட்டருக்கு மேல் நீளமான கத்தியைத் தக்க காரணமில்லாமல் எடுத்துக்கொண்டு திரிந்தால் இங்கே குற்றம். கடையில் வாங்கியதைப் பெட்டியோடு, கட்டியபடியே, ரசீதோடு நேராக வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். பழைய கத்தியைக் குப்பையில் போடவும் முறை இருக்கிறது, உங்கள் நகராட்சித் தாளைப் பார்த்துக் காகிதத்தில் சுற்றி ‘அபாயம்’ என்று எழுதிப் போட வேண்டும். கிஃபு மாகாணத்து செகி நகரத்தில் நவம்பர் 8 அன்று உழைத்து ஓய்ந்த கத்திகளுக்கு நன்றி சொல்லிப் பூசை செய்கிறார்கள். ஆயுத பூசைக்கு அருவாமனைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து வளர்ந்த எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சகாய் வீட்டிலும் ஆயுத பூசை அன்று கத்திகளையெல்லாம் துடைத்து வரிசையாக வைத்துப் பொட்டு வைக்கிறோம்.

வாங்கி, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அடுக்கி வைப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. கார்பன் எஃகு வெங்காயத்தையும் புளியையும் தொட்டு, நீலமும் சாம்பலுமாகக் கறுத்துவர வேண்டும். அந்தக் கறை ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். என் நீலக் காகிதக் கத்தியைப் பார்த்த கடைக்காரர், என்ன சமைக்கிறீர்கள், இப்படி ஒரு நிறத்தை நான் பார்த்ததில்லையே என்றார். தினமும் புளி என்றேன்.

இப்போது உசுபா ஒன்றுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். காய்க்கென்றே ஒரு பக்கச் சாணை பிடித்த கத்தி. தோக்கியோப் பக்கம் நுனி சதுரமாக இருக்கும், எங்கள் கன்சாய் பக்கம் அரிவாள் மாதிரி வளைந்து முடியும். முள்ளங்கியைச் சுற்றிச் சுற்றித் தாள் மாதிரி ஒரே நீளமாகச் சீவுவது இதில்தான். என் தேபாவை அடித்த அதே கொல்லர்தான் அடிக்கிறார், சாணை மட்டும் வேறு ஒருவர். சில மாதங்கள் ஆகும் என்றார்கள், முன்பணம் கட்டியாயிற்று.