பத்து வாரம் விளையாடிய பின் வரும் தோல்வி

கடந்த ஐப்பசியில் ஒரு நாள் அதிகாலை நாலரை மணிக்கு, வெளியே மழை பிடித்துப் பெய்துகொண்டிருக்க, கைத்தொலைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டு என் பெறாமகள், அதாவது தங்கையின் மகள், ஆடிய உதைபந்தாட்டப் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது மாலை ஏழு மணி. கனடாவில் பிறந்து வளர்ந்த அவள், புலமைப்பரிசில் பெற்று அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். அந்த அணியின் பின்கள வீராங்கனை. பருவத்தின் முடிவில் நடக்கும் கூட்டமைப்புச் சுற்றுப்போட்டியின் முதல் ஆட்டம் அது. தோற்றால் அவளுடைய பல்கலைக்கழக உதைபந்தாட்டம் அன்றோடு முடிந்துவிடும்.

கூட்டமைப்பு என்று நான் எழுதுவதை அவர்கள் 'கொன்பரன்ஸ்' என்கிறார்கள். பல பல்கலைக்கழகங்கள் ஒன்றுசேர்ந்து தமக்குள் பருவம் முழுவதும் லீக் முறையில் மோதிக்கொள்ளும் அமைப்பு அது. ஓகஸ்ட் நடுப்பகுதியில் தொடங்கும் பருவத்தில் பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு ஆட்டங்கள், வியாழனும் ஞாயிறும். ஒக்டோபர் இறுதியில் புள்ளிப் பட்டியலின் மேலிடங்களில் நிற்கும் அணிகள் மட்டும் விலகல் முறையிலான இந்தச் சுற்றுப்போட்டிக்குத் தெரிவாகின்றன. கிண்ணத்தை வெல்லும் அணிக்கு 64 அணிகள் மோதும் தேசிய சம்பியன்ஷிப்பில் நேரடி இடம் உண்டு. அந்த 64 இல் சுமார் 30 இடங்கள் இவ்வாறு கூட்டமைப்புகளின் சம்பியன்களுக்கு உரியவை. மீதியைத் தெரிவுக்குழு பருவப் பெறுபேறுகளைப் பார்த்து நிரப்புகிறது. பெரிய கூட்டமைப்புகளின் அணிகள் இங்கே தோற்றாலும் குழுவின் தயவில் உள்ளே போகலாம். பெறாமகளின் அணி போன்ற சிறிய கூட்டமைப்பு அணிகளுக்கு இருப்பது இந்த ஒரே வாசல்தான்.

இது நீதியா என்ற கேள்வி எனக்குள் நெடுநாள் இருந்தது. பத்து வாரம் பாடுபட்டு முதலிடம் பிடித்த அணியை, ஆறாம் இடத்து அணி ஒரே மாலையில் வெளியேற்றிவிடக்கூடும். அமெரிக்காவின் மேற்குப் பகுதியின் பன்னிரு பல்கலைக்கழகங்களைக் கொண்டிருந்த பக்-12 கூட்டமைப்பு, 2024 இல் அதன் பெரும்பாலான உறுப்பினர்கள் பிரிந்து போகும்வரை, பெண்கள் உதைபந்தாட்டத்துக்கு இத்தகைய சுற்றுப்போட்டியை நடத்தியதே இல்லை. லீக்கில் முதலிடம் பெற்றவரே அங்கே சம்பியன். அப்படி விளையாடிய ஸ்டான்ஃபோர்ட் 2011, 2017, 2019 ஆகிய ஆண்டுகளிலும் யூ.சி.எல்.ஏ. 2013, 2022 ஆகிய ஆண்டுகளிலும் தேசியக் கிண்ணத்தை வென்றன. ஆகவே சுற்றுப்போட்டி இல்லாமலும் சிறந்த அணிகள் உருவாகும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பின்தங்கிய அணியின் பிள்ளைகளுக்குப் பருவத்தின் கடைசி வாரம்வரை விளையாடுவதற்கு ஒரு காரணம் கிடைப்பதை, ஆறாம் இடத்தில் முடித்த அணி ஒன்றை நாள்தவறாமல் பின்தொடர்ந்த பிறகு, என்னால் எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை.

அந்த அதிகாலையில் அவர்கள் மூன்றாம் இடத்து அணியை, அந்த அணியின் சொந்த மைதானத்திலேயே, ஒரு கோலால் வென்றார்கள். அங்கே மைதானத்துக் கடிகாரம் 45 நிமிடத்திலிருந்து கீழ்நோக்கி ஓடுகிறது. கடைசிப் பத்து விநாடிகளைப் பார்வையாளர்கள் சத்தமாக எண்ணுகிறார்கள். மத்தியஸ்தர் எப்போது ஊதுவார் என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து பழகிய எனக்கு, முடிவு இத்தனை விநாடியில் வரும் என்று முன்கூட்டியே தெரிவது புதுமையாகவும், ஒரு கோலைக் காத்து நிற்கும் பிள்ளைகளின் பெரியம்மாவுக்குப் பெரும் ஆறுதலாகவும் இருந்தது.

நான்கு நாட்களின் பின் அரையிறுதி. லீக் ஆட்டங்களில் 90 நிமிடம் முடிந்து சமநிலை என்றால் சமநிலைதான். 2022 இல் வந்த விதி மேலதிக நேரத்தைப் பருவகால ஆட்டங்களிலிருந்து நீக்கிவிட்டது. சுற்றுப்போட்டியில் மட்டும் பத்துப் பத்து நிமிடங்களாக இரண்டு மேலதிகப் பகுதிகள் உண்டு. முன்னர் அந்த நேரத்தில் விழும் முதற்கோலோடு ஆட்டம் முடிந்துவிடும். இப்போது இரண்டு பகுதிகளையும் முழுமையாக ஆடவேண்டும். ஒன்றுக்கு ஒன்று என்றிருந்த நிலையில் பெறாமகளுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. உலகக் கிண்ண விதியின்படி வெளியே போனவர் போனவர்தான். பல்கலைக்கழக விதியில் இரண்டாம் பாதியில் வெளியேறியவர் ஒரு தடவை திரும்பி வரலாம். பயிற்றுநர் அவளை வெளியே எடுத்துக் காலை நீவிவிடச் செய்து, எட்டு நிமிடத்தின் பின் மீண்டும் இறக்கினார். இந்த விதியைத் தூய்மைவாதிகள் விரும்புவதில்லை. இருபது வருடங்கள் பிள்ளைகளின் கால்களைப் பார்த்த விளையாட்டு ஆசிரியை என்ற வகையில் நான் அதை முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

110 நிமிடமும் முடிந்து சமநிலை தவிர்ப்பு உதைக்குப் போனது. அவளுடைய உதை வலைக்குள் போனது. ஆனால் அணி 4-2 என்று தோற்றது. மறுநாள் தொலைபேசியில் அவள் அழவில்லை. "பெரியம்மா, ரெக்கோர்ட்டில இது தோல்வியில்லை, டிரோ எண்டுதான் போடுவினம்" என்றாள். உண்மைதான். உதைகளால் தீர்மானிக்கப்படும் ஆட்டம் அங்கே பதிவேட்டில் சமநிலையாகவே எழுதப்படுகிறது. உதைகள் அடுத்த சுற்றுக்கு யார் போவது என்பதை மட்டுமே தீர்க்கின்றன. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஏனென்றால் 110 நிமிடம் தோற்காமல் நின்ற பிள்ளையை 'தோற்றவள்' என்று எழுத எவருக்கும் உரிமை கிடையாது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பயிற்றுவித்த அணி வலயமட்டப் போட்டிக்காக ஐந்து மாதம் பாடுபட்டது. பிள்ளைகள் காலை ஆறு மணிக்கு சைக்கிளில் வந்தார்கள். சப்பாத்து இல்லாதவர்கள் அடுத்த வகுப்புப் பிள்ளையிடம் இரவல் வாங்கினார்கள். முதல் ஆட்டம் கோல் எதுவுமின்றி முடிந்து, சமநிலை தவிர்ப்பு உதையில் வெளியேறினோம். அந்த ஆண்டில் அவர்கள் விளையாடிய ஆட்டம் அந்த ஒன்றுதான். அதிபரிடம் கொடுத்த அறிக்கையில் 'தோல்வி' என்று நானே எழுதினேன். உதையைத் தவறவிட்ட பிள்ளை அதன்பின் பயிற்சிக்கு வரவில்லை. வீட்டாரிடம் இரண்டு முறை போய்ப் பேசியும் பயனில்லை.

விலகல் முறை கொடியது என்று அன்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. பெறாமகளும் அதே முறையில்தான் வெளியேறினாள், ஆனால் அதற்கு முன் அந்தப் பருவத்தில் 18 ஆட்டங்களை ஆடி முடித்திருந்தாள். எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்காதது அந்தப் பதினெட்டுத்தான். அமெரிக்காவில்கூட அது தானாக வரவில்லை. அரச நிதி பெறும் கல்விக்கூடங்களில் பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று 1972 இல் சட்டம் வந்த பின்னரே பெண்கள் அணிகள் பெருகின. இப்போது 64 அணிகள் மோதும் அந்தத் தேசிய சம்பியன்ஷிப் 1982 இல் முதன்முறையாக நடந்தபோது 12 அணிகளே ஆடின. இன்று பல்கலைக்கழக விளையாட்டின் உயர்மட்டமான முதற்பிரிவில் மட்டும் 300 இற்கு மேற்பட்ட பெண்கள் அணிகள் இருக்கின்றன. இங்கே திறமைக்குக் குறைவில்லை என்பதைத் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவிகள் அகில இலங்கை மட்டத்தில் வென்று காட்டியிருக்கிறார்கள். மற்றப் பாடசாலைகளின் பிள்ளைகளுக்கு விளையாடும் நாட்கள்தாம் போதவில்லை.

அரையிறுதியின் பதிவை எங்கள் அணிப் பிள்ளைகளுக்கு மழை விட்ட ஒரு பின்னேரம் போட்டுக் காட்டினேன். கோல்களைப் பற்றியோ அந்த மைதானத்தின் புல்லைப் பற்றியோ கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். பந்துக்காப்பாளர் பிள்ளை கேட்டது, "ரீச்சர், இதுக்கு முதல் அவை எத்தினை மட்ச் விளையாடினவை?" என்று.

மார்கழி விடுமுறையில் அயலிலுள்ள மூன்று பாடசாலைகளின் விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களைச் சந்தித்தேன். தையிலிருந்து சனிக்கிழமைகளில், நான்கு அணிகளும் ஒன்றோடொன்று இரண்டு தடவை மோதும் லீக். ஓர் அணிக்கு ஆறு ஆட்டங்கள். அதன் பின் அரையிறுதியும் இறுதியும். இருவர் உடனே ஒப்புக்கொண்டார்கள். மூன்றாமவர் மைதானத்தில் வெள்ளம் வற்றிய பின் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். புள்ளிப் பட்டியல் எழுதுவதற்கு மட்டை ஒன்று வாங்கிவிட்டேன். சமநிலை தவிர்ப்பு உதையால் முடியும் ஆட்டத்துக்கு அதில் 'சமநிலை' என்றுதான் எழுதப்போகிறேன்.