ஆயிரம் யென் தாளில் ஒரு கிருமி ஆய்வாளர்

துருப்பிடித்த ஆணி குத்தினால் உடனே ஊசி போட ஓடுகிறோமே, அந்த டெட்டனஸ் கிருமியை முதன்முதலில் தனியாகப் பிரித்து வளர்த்தவர் கிடசாடோ ஷிபாசபுரோ. 2024 ஜூலையில் வந்த ஜப்பானின் புது ஆயிரம் யென் தாளில் இருப்பவர் அவர்தான்.

பெர்லினில், கிருமியியலின் முன்னோடியான ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக்கிடம் அவர் வேலை பார்த்த காலம். அந்தக் கிருமி எப்போதும் வேறு கிருமிகளோடு கலந்துதான் வளரும், தனியாக வராது என்றே பலர் நினைத்தார்கள். இவர் கலவையை 80 டிகிரியில் சூடாக்கினார். மற்றவை செத்தன, டெட்டனஸின் வித்துகள் (கெட்டியான உறைக்குள் உறங்கும் கிருமிகள்) மட்டும் தப்பின. டெட்டனஸ் கிருமிக்கு ஆக்சிஜன் ஆகாது. ஆகவே ஆமை வடிவத்தில் ஒரு தட்டைக் கண்ணாடிக் குடுவை, உள்ளே ஹைட்ரஜன். 1889இல் கிருமி தனியாக வளர்ந்தது. என்ன பொறுமை!

அடுத்த வருடம், கோக்கிடம் கூட வேலை பார்த்த எமில் பேரிங்கோடு சேர்ந்து, நோயை எதிர்க்கும் சக்தி இரத்தத்தின் சீரத்தில் (இரத்தம் உறைந்த பின் மிஞ்சும் தெளிந்த நீரில்) இருக்கிறது என்று காட்டினார். 1901இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பேரிங்குக்கு மட்டும் போனது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

1894இல் ஹாங்காங் பிளேக், அங்கே அந்த நோயின் கிருமியை முதலில் கண்டுபிடிப்பது யார் என்று பிரெஞ்சு ஆய்வாளர் யெர்சினோடு போட்டி... அது தனிக் கதை, அப்புறம் சொல்கிறேன்.

1910இல் கோக் இறந்ததும், குருவின் தலைமுடியை உள்ளே வைத்து ஆய்வகத்திலேயே சின்னதாக ஒரு கோயில் கட்டிவிட்டார் மனுஷன்.