நாலரை மணி விளக்கு

இங்கிலாந்தின் கோவென்ட்ரிக்கு வந்து இறங்கியது 2022 செப்டம்பரில். பெட்டியில் கறுப்பு கவுனும் கழுத்துப் பட்டையும் வைத்திருந்தேன். மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் ஏழு வருடம் சிவில் பக்கம் நின்றவள் நான். கணவருக்கு இங்கே மருத்துவமனையில் செவிலியர் வேலை. அவர் விசாவோடு சேர்ந்து நானும் மகளும் வந்தோம். மூன்றாம் மாதம் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வேலையை நான் ஒருநாளும் குறைவாக நினைத்ததில்லை. ஆனால் அங்கிருந்த ஒரு பாட்டி, வீட்டு விற்பனை பற்றி வந்த கடிதத்தை நீட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டபோது, படித்துப் புரிந்த பிறகும் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். இந்த நாட்டில் நான் வக்கீல் இல்லை. அன்று இரவுதான் இங்கே வக்கீலாவதற்கான தேர்வைப் பற்றித் தேட ஆரம்பித்தேன்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சொலிசிட்டர், அதாவது கட்சிக்காரரோடு நேரடியாக வேலை பார்க்கும் வக்கீல், ஆவதற்கு எஸ்.க்யூ.இ. (சொலிசிட்டர் தகுதித் தேர்வு) என்ற தேர்வு முறை 2021 செப்டம்பரில் வந்தது. அதற்கு முன் வெளிநாட்டு வக்கீல்களுக்கென்று தனித் தேர்வு இருந்தது. இப்போது இந்த ஊரில் படித்தவர்களுக்கும் நமக்கும் ஒரே வினாத்தாள். முதல் கட்டத்தில் இரண்டு தாள்கள், தாளுக்கு 180 கேள்விகள், மொத்தம் 360. கேள்விக்கு ஐந்து விடைகள், அதில் மிகச் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாம் கட்டம் எழுதுவதும் பேசுவதும். ஏற்கனவே வக்கீலாக இருப்பவர்களுக்கு இரண்டு வருட வேலை அனுபவம் என்ற நிபந்தனை கிடையாது. ஆறு ஆண்டுக்குள் மூன்று முறைதான் எழுதலாம் என்பது எல்லோருக்கும் பொது. 2025 ஜனவரித் தேர்வுக்கு நான் கட்டியது 1,888 பவுண்டு. பயிற்சிக் கட்டணம் தனி.

நேரில் போய்ப் படிக்க எனக்கு நேரமும் இல்லை, பணமும் இல்லை. ஆன்லைன் வகுப்புதான். காலை நாலரைக்கு எழுந்து சமையலறை விளக்கை மட்டும் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவேன். ஆறே முக்காலுக்கு மகளை எழுப்ப வேண்டும். குளிர்காலத்தில் அந்த நேரம் முழுவதும் ஜன்னலுக்கு வெளியே இருட்டாகவே இருக்கும். விரிவுரையாளர் திரையில் நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தார். ஆனால் எங்கள் தொழிலை நான் கற்றது அப்படி இல்லை. சீனியர் ஆபீசில், கட்சிக்காரர் பேசும்போது சார் எந்த இடத்தில் நிமிர்ந்து பார்க்கிறார் என்று கவனித்துக் கற்றேன். எந்தப் பத்திரத்தில் எந்தப் பக்கத்தை முதலில் புரட்ட வேண்டும் என்று குமாஸ்தா அண்ணன் காட்டிக் கொடுத்தார். இங்கே தப்பான விடையை அழுத்தினால் சிவப்புக் குறி வரும். கீழே நாலு வரி விளக்கம் இருக்கும். அதைப் படித்து முடித்தபின் திரும்பிப் பார்த்துக் கேட்க ஆள் இல்லை.

புதிதாகப் படிப்பது கஷ்டம் என்றுதான் நினைத்துப் போனேன். தெரிந்ததை ஒதுக்கி வைப்பதுதான் உண்மையான பாடாக இருந்தது. ஊரில் பாதிச் சட்டம் இங்கிருந்து வந்ததுதான், அதனால் சொற்கள் எல்லாம் பழக்கமான முகங்களாகவே தெரியும். உள்ளே போனால் ஆள் வேறு. கல்லூரியில் சின்னையா எதிர் ராமய்யா படிக்காத வக்கீல் நம் ஊரில் இருக்க மாட்டார். 1882-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அது. தாய் மகளுக்குச் சொத்தை எழுதி வைத்தாள். தாயின் உடன்பிறப்புக்கு ஆண்டுதோறும் பணம் தருவதாக மகள் ஒப்புக்கொண்டாள். மறுபயன், அதாவது வாக்குறுதிக்கு ஈடாகக் கிடைப்பது, தாயிடமிருந்து வந்ததே போதும், ஒப்பந்தம் செல்லும் என்றார்கள். இங்கே மறுபயனை வாக்குறுதி பெற்றவரே கொடுத்திருக்க வேண்டும். இந்த ஒரு கேள்வியை நான்கு விதமாக மாற்றிக் கேட்டார்கள், நான்கிலும் சென்னைத் தீர்ப்பைத்தான் எழுதினேன்.

நிலச் சட்டம் அதைவிட மோசம். நம் ஊரில் கிரைய ஒப்பந்தம் போட்டு அட்வான்ஸ் கொடுத்தாலும், பத்திரம் பதிவாகும் வரை சொத்தில் உரிமை எதுவும் வராது. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் 54-ஆம் பிரிவு, தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இங்கே கையெழுத்திட்ட ஒப்பந்தப் பிரதிகளை இரு தரப்பும் மாற்றிக்கொண்டதுமே வாங்குபவருக்கு நிலத்தில் ஒருவகை உரிமை பிறந்துவிடுகிறது, ஈக்விட்டி என்ற நியாய அடிப்படைச் சட்டத்தின் பெயரில். எங்கள் ஆபீசில் வாய்மொழி ஒப்பந்தத்தை வைத்தே வழக்கு நடத்தியிருக்கிறோம். இங்கே நில ஒப்பந்தம் எழுத்தில் இல்லையென்றால் அது ஒப்பந்தமே இல்லை. பதிவகத்தில் ஏறிய நிலத்துக்குத் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று என்று கைகள் பழகிய எதற்கும் இடமில்லை. நிலப் பதிவகத்தில் பெயர் இருந்தால் அரசே அதற்கு உத்தரவாதம்.

ஆனால் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது வாரிசுச் சட்டம். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், நம் இந்து வாரிசுச் சட்டத்தில் மனைவி, பிள்ளைகளோடு தாய்க்கும் சமபங்கு உண்டு. இங்கே மனைவியும் பிள்ளைகளும் இருந்தால், மனைவிக்கு வீட்டுப் பொருள்களோடு முதல் 3,22,000 பவுண்டு, மிச்சத்தில் பாதி. மறுபாதி பிள்ளைகளுக்கு. தாய்க்கு ஒரு பென்னி கிடையாது. மூன்று முறை தவறவிட்டேன். சட்டம் தெரிந்தும் கை தாயின் பங்கு இருக்கும் விடைக்கே போனது. ஊரில் என் அத்தை, கணவரின் அம்மா, மாதாமாதம் நாங்கள் அனுப்பும் பணத்தில்தான் இருக்கிறார்.

ஆறு மாதம் தனியாகத் தள்ளாடிய பிறகு, அதே வகுப்பில் இருந்த ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணோடு பேச்சு ஆரம்பித்தது. கொழும்பில் சட்டத்தரணியாக இருந்தவள், இப்போது லண்டனில் ஹாரோவில் இருக்கிறாள். தினமும் காலை ஐந்தரைக்கு வாட்ஸ்அப் அழைப்பு. நான் பத்திரம் என்பேன், அவள் உறுதி என்பாள். மறுபயன் பற்றி நான் புலம்பியபோது, "எங்கட நாட்டில அது தேவையே இல்லை அக்கா" என்றாள். இலங்கையில் ஒப்பந்தத்துக்கு ரோமன் டச்சுச் சட்டம், நியாயமான காரணம் இருந்தால் போதுமாம். அதிலிருந்து ஒவ்வொரு பாடத்தையும் மூன்று நாட்டுச் சட்டமாகச் சொல்லிப் பார்த்தோம்: மதுரையில் இப்படி, கொழும்பில் இப்படி, இங்கே இப்படி. ஒதுக்க முடியாததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் குழப்பம் விட்டது. இந்தத் தேர்வுக்கு யாராவது என்னிடம் யோசனை கேட்டால், பயிற்சி நிறுவனத்தைத் தேடுவதற்கு முன் கூடப் படிக்க ஒரு ஆளைத் தேடுங்கள் என்பேன்.

தேர்வு பர்மிங்காமில். ஒரு தாளுக்கு ஒரு முழு நாள். இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக 90 கேள்விகள், ஒரு மணி நேர இடைவேளை, மறுபடி 90. கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு 102 விநாடி. இடைவேளையில் கொண்டுபோன தயிர் சாதத்தில் பாதிதான் இறங்கியது.

மார்ச்சில் முடிவு வந்தது. முதல் தாள் தேறியிருந்தேன். நிலமும் உயிலும் டிரஸ்டும் இருக்கும் இரண்டாம் தாள் போய்விட்டது. அன்று மாலை வேலைக்குப் போகவில்லை. கணவர் எதுவும் கேட்காமல் இட்லி ஊற்றினார், மகள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்தாள். தோற்ற தாளை மட்டும் எழுதினால் போதும், கட்டணம் பாதி. ஜூலையில் மறுபடி பர்மிங்காம் போனேன். இந்த முறை தேறினேன்.

இனி இரண்டாம் கட்டம், கட்டணம் ஏறக்குறைய 3,000 பவுண்டு. அனுபவம் உள்ள வெளிநாட்டு வக்கீல்கள் சிலர் இதற்கு விலக்குக் கேட்டு மனுப் போடுகிறார்கள். நான் போடவில்லை. இந்த ஊர் கட்சிக்காரரோடு இந்த ஊர் முறையில் பேசக் கற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கட்சிக்காரராக நடிப்பவரை 25 நிமிடம் நேர்காண வேண்டும், உடனே இன்னொரு 25 நிமிடத்தில் அதைக் குறிப்பாக எழுத வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அதற்கு ஒத்திகை பார்த்தோம். யாழ்ப்பாணத் தோழி கட்சிக்காரர், நான் சொலிசிட்டர். எழுபத்தைந்து வயதுத் தாய் என்று சொல்லிக்கொண்டாள். மகன் உயில் எழுதாமல் இறந்துவிட்டார், மருமகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள், "எனக்கு என்ன கிடைக்கும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வேண்டுமென்றேதான் அந்தக் கேள்வியை எடுத்திருக்கிறாள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மகனை இழந்ததற்கு வருந்துகிறேன் என்றேன். சட்டப்படி நேரடிப் பங்கு இல்லை என்பதை மெதுவாகச் சொன்னேன். அவள் முகம் வாடியது, நடிப்பு என்று தெரிந்தும் எனக்குத் தொண்டை அடைத்தது. அப்புறம்தான் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் நினைவுக்கு வந்தது. இறந்தவரின் பராமரிப்பில் இருந்தவர் சொத்திலிருந்து ஆதரவு கேட்டு நீதிமன்றம் போகலாம், அந்தச் சொத்தை நிர்வகிக்கும் உரிமை வழங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள்.

பேனாவை மறுபடி எடுத்து, "உங்கள் மகன் மாதாமாதம் உங்களுக்குப் பணம் தருவாரா? எவ்வளவு தருவார்?" என்று கேட்டேன்.