மேன்ஷன் அறையும் ஒன்றரை ஜிபியும்: கோடிங் படிப்பு நிற்காமலிருக்க

சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணி மேன்ஷனிலோ வேளச்சேரி பிஜியிலோ அறை எடுத்தவர்களுக்கு அட்வான்ஸ், வாடகை, மெஸ் போக மிஞ்சுவது மொபைல் ரீசார்ஜுக்குத்தான் சரியாக இருக்கும். லேப்டாப் பழசாக இருந்தாலும் ஓட்டிவிடலாம். தினசரி ஒன்றரை ஜிபி காலையிலேயே தீர்ந்தால் அன்றைய படிப்பு அவ்வளவுதான்.

முதல் சந்தேகம், பின்னணியில் தானாக இறங்கும் விண்டோஸ் அப்டேட் மீது. வைஃபை செட்டிங்ஸில் உங்கள் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' ஆன் செய்யுங்கள். ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் இது தனித்தனி. ஹாட்ஸ்பாட் பெயரை மாற்றினால் விண்டோஸ் அதைப் புதிதாக எண்ணி, பழையபடி இறக்க ஆரம்பித்துவிடும்.

பைத்தான் டாக்குமெண்டேஷன் முழுவதும் அதன் தளத்திலேயே ஜிப்பாகக் கிடைக்கிறது. மற்ற மொழிகளுக்கு, டாக்குமெண்டேஷனை இறக்கி வைத்து நெட் இல்லாமல் படிக்க உதவும் ஸீல் என்ற இலவச மென்பொருள் போதும். லைப்ரரிகளை, அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த கோட் தொகுப்புகளைத்தான் கவனமாகச் சேர்க்க வேண்டும். நண்பர் வீட்டு வைஃபையில், பைத்தான் லைப்ரரிகளை இறக்கும் 'பிப் டவுன்லோட்' கட்டளையைக் கொடுத்து பென்டிரைவில் ஏற்றி வந்து, அறையில் 'நோ இண்டெக்ஸ்', 'ஃபைண்ட் லிங்க்ஸ்' ஆப்ஷன்களோடு நிறுவலாம். அவர் விண்டோஸில் பைத்தான் 3.12, நீங்கள் லினக்ஸில் 3.10 என்றால் நம்பை, பாண்டாஸ் போன்றவை பொருந்தாது. 'மேட்சிங் டிஸ்ட்ரிப்யூஷன் இல்லை' என்று அடம்பிடிக்கும். உங்கள் லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு போவது இதைவிடச் சுலபம்.

நோட் ஜேஎஸ் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் மென்பொருள்) படிப்பவர்களுக்கு, கோட் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளம் இணையத்திலேயே ஒரு கணினியைத் தரும் 'கோட்ஸ்பேஸஸ்' வசதி கைகொடுக்கும். நூற்றுக்கணக்கான எம்பி பேக்கேஜ்கள் அங்கேயுள்ள கணினியில் இறங்கும். உங்கள் டேட்டாவில் கழிவது பிரவுசரில் திறக்கும் எடிட்டர் மட்டும். தனிநபர் கணக்குக்கு மாதம் 120 கோர்-மணி (பிராசஸர் கோர் எண்ணிக்கை பெருக்கல் மணி நேரம்) இலவசம். இரண்டு கோர் கணினியில் அது 60 மணி நேரம். டேபை மூடினால் அது உடனே நிற்காது. வேலை எதுவும் நடக்காமல் 30 நிமிடம் ஆன பிறகே தூங்கும், அந்த அரை மணியும் கணக்கில் ஏறும். செட்டிங்ஸில் ஐடில் டைம்அவுட்டை 5 நிமிடமாக்குங்கள், அல்லது கையாலேயே 'ஸ்டாப்' கொடுங்கள். 30 நாள் தொடாமல் விட்ட கோட்ஸ்பேஸ் தானாக அழிந்துவிடும். அன்றன்றைக்கு எழுதிய கோடை கிட்ஹப்புக்கு அனுப்பி (புஷ் செய்து) விடுவது நல்லது.

பொது வைஃபையில் எஸ்எஸ்ஹெச் (பாதுகாப்பான இணைப்பு முறை) வழியாகச் செய்யும் கிட் புஷ் அப்படியே தொங்கினால், பெரும்பாலும் அது பயன்படுத்தும் 22ஆம் போர்ட்டை, அதாவது இணைப்பு வாசலை, அடைத்திருப்பார்கள். எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் கோப்பில் கிட்ஹப்புக்கு ஹோஸ்ட்நேமை 'எஸ்எஸ்ஹெச் டாட் கிட்ஹப் டாட் காம்' என்றும் போர்ட்டை 443 என்றும் மாற்றினால் சிக்கல் தீர்ந்துவிடும்.

அறையில் சத்தம் என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பிரிவே இருக்கிறது.

கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் தவணையில் கோர்ஸ் வாங்காதீர்கள். கணினி உதிரிபாகங்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். 4 ஜிபி ராமை எட்டாக்குவது அதற்குப் பிறகு. நான்காம் தலைமுறை இன்டெல் லேப்டாப் என்றால் டிடிஆர்3எல், அதாவது 1.35 வோல்ட் ராம்தான் கேளுங்கள். ஸ்லாட்டில் 1.5 வோல்ட் டிடிஆர்3-யும் கச்சிதமாக உட்காரும், ஆனால் பல மாடல்களில் திரையே வராது. லேப்டாப்பைக் கூடவே எடுத்துப்போய், கடையிலேயே ஆன் செய்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.