மாத்திரைக்கு முன்னால் கல்ச்சர்: அம்மாவின் முட்டிக்குள் குடியேறிய எம்ஆர்எஸ்ஏ

அம்மாவின் செயற்கை முட்டியில் பிடித்த எம்ஆர்எஸ்ஏ (பல ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாத ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி) சரியாகிவிட்டது என்று வாய்விட்டுச் சொல்ல இன்னும் பயம்தான். ஆனாலும் உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி ரத்தப் பரிசோதனை அளவு ஐந்துக்குக் கீழே இறங்கிவிட்டது, டிபிக்கும் கொடுக்கிற ஆன்டிபயாடிக்கான ரிஃபாம்பிசினும் போன வாரத்தோடு முடிந்தது. மூட்டு மாற்று ஆபரேஷன் செய்த வீட்டில் யாருக்காவது தையலோரம் கசிந்தால் இது உதவும்.

அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்த சில வாரங்களில் கசிவு ஆரம்பித்தது. ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் "மேலாக இருக்கிற இன்ஃபெக்‌ஷன்தான்" என்று மாத்திரை எழுதினார்கள். நிற்கவில்லை, வேறு மாத்திரை. அதுவும் ஓடிக்கொண்டிருக்கும்போதே பஞ்சுக் குச்சியால் காயத்தின் மேல் துடைத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். 'நோ க்ரோத்', அதாவது கிருமி எதுவும் வளரவில்லை என்று ரிப்போர்ட் வந்ததும் வீடே நிம்மதியானது. இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் அந்தத் தாளைப் புரட்டக்கூட இல்லை. "மாத்திரை உள்ளே இருக்கும்போது எடுத்தால் கிருமி எப்படி வளரும்? தோல் மேலே துடைத்ததை வைத்து உலோகத்துக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?" என்றார்.

பயோஃபிலிம் என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். சமையலறைத் தொட்டிக் குழாயின் உள்பக்கம் பிடித்திருக்கும் வழவழப்பு மாதிரி, கிருமிகள் உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொண்டு தங்களைச் சுற்றி ஒரு படலம் போட்டுக்கொள்கின்றன. அதற்குள் பாதி தூக்கத்தில் கிடப்பவற்றைக் கொல்ல, வழக்கமான அளவைப்போல ஆயிரம் மடங்கு மருந்துகூடத் தேவைப்படலாம். அவ்வளவு மருந்தை மனித உடம்பு தாங்காது. ஆரம்ப நிலை என்பதால் மூட்டைக் கழற்றாமல், திறந்து சுரண்டிக் கழுவி, நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டை மட்டும் மாற்றிப் பார்க்கலாம் என்றார். நாள் தள்ளினால் மொத்த மூட்டையும் எடுக்க வேண்டிவரும்.

அந்தப் பிளாஸ்டிக் துண்டில்தான் மாட்டிக்கொண்டோம். உள்ளே இருக்கும் மூட்டின் கம்பெனி, மாடல், சைஸ் எல்லாம் தெரிந்தால்தான் பொருந்துகிற துண்டை வரவழைக்க முடியும். அந்த விவரம் இம்ப்ளாண்ட் பெட்டியிலிருந்து உரித்து ஆபரேஷன் நோட்ஸில் ஒட்டும் ஸ்டிக்கரில் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'டோட்டல் நீ ரிப்ளேஸ்மென்ட்' என்று ஒரே வரி. பழைய ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு செக்‌ஷனில் இருந்தவர் "சம்மரி கொடுத்தாச்சே மேடம், அதுக்கு மேல தர மாட்டோம்" என்றார். மறுநாள் போனால் ஃபைல் பில்லிங்கில் இருக்கிறதாம். பில்லிங்கில் கேட்டால் ரெக்கார்டுக்கே திரும்பிவிட்டதாம். கடைசியில், கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்ற 2002 மருத்துவ கவுன்சில் விதியைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதி, நகலில் சீல் போட்டுத் தரச் சொன்னேன். சீல் போட யோசித்தவர் அன்று மாலையே ஜெராக்ஸ் கொடுத்துவிட்டார்! மூட்டு மாற்றுகிறவர்கள் டிஸ்சார்ஜ் அன்றே அந்த ஸ்டிக்கர் பக்கத்தை செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உள்ளே ஐந்து இடத்தில் சதைத் துணுக்கு எடுத்து அனுப்பியதில் எம்ஆர்எஸ்ஏ வளர்ந்தது. வாங்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் டிரிப் ஓடியது. ஒரு கிராம் என்றால் குறைந்தது ஒரு மணி நேரம் ஏற வேண்டும். ஒரு ராத்திரி யாரோ வேகமாகத் திறந்துவிட, அம்மாவுக்குக் கழுத்தும் முகமும் சிவந்து அரிப்பு எடுத்துவிட்டது. டிரிப் வேகத்தைக் குறைத்ததும் அடங்கியது. அதிலிருந்து பக்கத்திலேயே கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். சிறுநீரகத்துக்கு அடி விழுகிறதா என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையை எப்போது பார்க்கிறார்கள் என்பதையும் கேட்டுக்கொண்டே இருங்கள்.

காயம் நன்றாகக் காய்ந்த பிறகே ரிஃபாம்பிசின் ஆரம்பித்தார்கள். படலத்துக்குள் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸைப் பிடிப்பதில் அது கெட்டி. ஆனால் தனியாகக் கொடுத்தால் கிருமி சீக்கிரமே அதற்கும் பழகிவிடும் என்பதால் டாக்ஸிசைக்ளினோடு மூன்று மாதத்துக்கு எழுதினார். மருந்துக்கடையில் முதலில் எடுத்துக் கொடுத்தது ஐசோநியாசிட் கலந்த டிபி மாத்திரை. அட்டையின் பின்பக்கத்தைப் படித்ததால் தப்பித்தோம். தனி ரிஃபாம்பிசின் கிடைத்த கடையில் சீட்டு, பெயர், போன் நம்பர் எல்லாம் வாங்கிக் குறித்தார்கள். வாங்குகிறவர் விவரத்தைக் கடையில் குறித்து வைக்க வேண்டிய ஹெச்1 பட்டியல் மருந்து, சரி என்று வந்துவிட்டேன்.

அப்புறம் அரசு காசநோய்ப் பிரிவிலிருந்து ஒரு போன். "உங்க அம்மாவுக்கு இருமல் எத்தனை நாளா இருக்கு? வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?" டிபி மருந்து வாங்குகிறவர்களைப் பற்றி மருந்துக்கடைகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2018-லிருந்து விதி. அந்தக் கணக்கில் அம்மா காசநோயாளி ஆகிவிட்டார். பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "ஏண்டி, எனக்கு டிபியா? என்கிட்ட மறைச்சிட்டீங்களா?" என்று அழ ஆரம்பித்துவிட்டார். போன் செய்தவர் நல்ல மனிதர். எதற்கான மருந்து என்று டாக்டரிடம் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கி அனுப்பியதும் விட்டுவிட்டார். முதல் சீட்டு எழுதும்போதே இந்த வரியையும் எழுதச் சொல்லிவிடுங்கள்.

சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். சுகர் மாத்திரையின் வேலையை ரிஃபாம்பிசின் குறைக்கும் என்பதை யாரும் சொல்லவில்லை. சுகர் ஏறி, கிளிமிபிரைடு டோஸைக் கூட்ட வேண்டியதாயிற்று. இப்போது ரிஃபாம்பிசின் நின்றுவிட்டது. அதன் தாக்கம் சுமார் இரண்டு வாரத்தில் விலகும்போது கூட்டிய டோஸே சுகரைத் தாழ இறக்கிவிடலாம். அதனால் தினமும் காலையில் விரலில் குத்திப் பார்த்து டாக்டருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.